ஜாகுவார் ஈ-டைப்: ஒரு பழைய மகிழுந்தின் மூலத்தைச் சரிபார்த்தல்

ஜாகுவார் ஈ-டைப் என்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் வகை மகிழுந்து. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. 1970-களின் நடுப்பகுதி வரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி ஏற்றுமதியாயின. அமெரிக்காவே முதன்மைச் சந்தை.

இன்று விற்பனைக்கு வரும் ஓர் ஈ-டைப் எந்த ஆண்டைச் சேர்ந்தது, அதன் இயந்திரம் அதனுடன் பிறந்ததுதானா என்பவற்றைப் பொறுத்து விலை பெரிதும் மாறுகிறது. மெல்லிய எஃகுத் தகட்டால் ஆன இதன் உடல் எளிதில் துருப்பிடிக்கும். அதனால் பல வண்டிகள் பாதிக்குமேல் புதுப்பிக்கப்பட்டவை. இரண்டு மூன்று பழைய வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவையும் உண்டு. இதில் ஏமாற்று வேலையும் உண்டு, நேர்மையான பழுதுபார்ப்பும் உண்டு. வெளித்தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நான்கு எண்கள்

தொழிற்சாலை ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு எண்களை இட்டது: வண்டி எண் (சேசிஸ் எண்), இயந்திர எண், உடல் எண், கியர் பெட்டி எண். இவற்றைத் தாங்கிய தகடு ஒன்று இயந்திர அறையில் பொருத்தப்பட்டிருக்கும். ஆனால் தகட்டை யாரும் புதிதாகச் செய்துவிடலாம். ஆகவே உலோகத்திலேயே அடிக்கப்பட்ட எண்களைத்தான் பார்க்க வேண்டும். இயந்திர எண், சிலிண்டர் பிளாக்கின் வலப்புறத்தில் எண்ணெய் வடிகட்டிக்கு மேலே இருக்கும். சிலிண்டர் தலைப்பகுதியின் முன்முனையிலும் அதே எண் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் தலைப்பகுதி மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

எண்களே சில செய்திகளைச் சொல்கின்றன. 3.8 லிட்டர் வண்டிகளில் வலப்பக்க ஓட்டுநர் இருக்கையுள்ள திறந்த வண்டிகள் 850001 முதலும், மூடிய கூரையுள்ளவை 860001 முதலும் எண்ணிடப்பட்டன. இடப்பக்க இருக்கையுள்ளவற்றில் திறந்தவை 875001 முதலும், மூடியவை 885001 முதலும் தொடங்கும். எனவே 875 என்று தொடங்கும் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது. இயந்திர எண்ணின் இறுதியில் வரும் 8 அல்லது 9, அழுத்த விகிதத்தைக் குறிக்கும்.

கழற்றி மாட்டக்கூடிய அடையாளம்

ஈ-டைப்பைச் சரிபார்ப்பதில் உள்ள பெரும் சிக்கல் அதன் கட்டமைப்பிலிருந்தே வருகிறது. பயணிகள் அமரும் நடுப்பகுதியும் பின்பகுதியும் தகடுகளால் ஆன ஒரே கூடு. இயந்திரத்தைத் தாங்கும் முன்பகுதியோ குழாய்களால் ஆன தனிச் சட்டம். அது கூட்டுடன் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கிறது. வண்டி எண் அடிக்கப்பட்டிருப்பது இந்த முன்சட்டத்தில்தான், வலப்புற அதிர்வுத்தாங்கி பொருத்தும் இடத்துக்கு மேலே.

விபத்தில் சிக்கிய வண்டிக்குப் புதிய முன்சட்டம் போட்டால், தொழிற்சாலை அடித்த எண் பழைய இரும்போடு போய்விடும். நேர்மையான பழுதுபார்ப்பிலும் இது நடக்கும். மறுபுறம், சிதைந்த வண்டியின் முன்சட்டத்தைக் கழற்றி வேறொரு கூட்டில் மாட்டினால், அந்தக் கூடு ஒரே நாளில் புதுப் பெயர் பெற்றுவிடும். இதனால்தான் உடல் எண்ணைத் தனியாகத் தேடிப் பார்க்கிறார்கள். எண் அடித்த இடத்தில் உலோகம் தேய்க்கப்பட்டிருக்கிறதா, எழுத்துகளின் வடிவமும் இடைவெளியும் அக்கால வண்டிகளோடு ஒத்துப்போகின்றனவா என்றும் கவனிக்கிறார்கள்.

தொழிற்சாலைப் பதிவேடு

ஜாகுவாரின் பழைய தயாரிப்புப் பதிவேடுகளைக் கொண்டு மரபுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. நான்கு எண்கள், தயாரித்த நாள், முதல் வண்ணம், உள்ளலங்கார நிறம், வண்டி அனுப்பப்பட்ட விற்பனையாளர் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அதன் இன்றைய உயரத்தைச் சொல்லாததுபோல, இந்தச் சான்றிதழும் வண்டியின் இன்றைய நிலையைச் சொல்லாது. 'சான்றிதழ் இருக்கிறது' என்று விற்பவர் கூறினால், அதிலுள்ள எண்களை இரும்பிலுள்ள எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்தான் பயன்.

காலத்துக்கேற்ற விவரங்கள்

1964 அக்டோபரில் 3.8 லிட்டர் (3781 கன செ.மீ.) இயந்திரத்துக்குப் பதிலாக 4.2 லிட்டர் (4235 கன செ.மீ.) இயந்திரம் வந்தது. கியர் பெட்டியும் அப்போது மாறியது. பழைய பெட்டியில் முதல் கியருக்கு ஒத்திசைவு அமைப்பு கிடையாது. முகப்பு விளக்குகளின் கண்ணாடி மூடி 1967-இல் நீங்கியது. 1968 முதல் அமெரிக்காவுக்குச் சென்ற வண்டிகளில், புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக மூன்று எஸ்யூ கார்புரேட்டர்களுக்குப் பதில் இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்டன. அத்தகைய வண்டியில் இன்று மூன்று இருந்தால் யாரோ பின்னர் மாற்றியிருக்கிறார்கள். 1971-இல் வந்த மூன்றாம் வரிசையில் 12 சிலிண்டர் இயந்திரம் இருந்தது.

அச்சான விவரத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. நிறுவனம் அறிவித்த 265 குதிரைத்திறன், துணைக் கருவிகளைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை மட்டும் சோதிக்கும் பழைய முறையில் கணக்கிட்டது. புகழ்பெற்ற 150 மைல் வேகமும் அத்தகையதே. 1961-இல் 'ஆட்டோகார்' இதழ் 9600 எச்பி என்ற பதிவெண் கொண்ட வண்டியில் 150.4 மைல் பதிவு செய்தது. 77 ஆர்டபிள்யூ என்ற வண்டியில் 'மோட்டார்' இதழ் பெற்றது 149.1 மைல். இரண்டுமே பத்திரிகையாளருக்கென நிறுவனம் தயார்செய்து கொடுத்தவை. கடையில் வாங்கிய வண்டிகள் அந்த வேகத்தை எட்டுவது அரிது.

எது அசல்?

எண்கள் பொருந்தினாலும் பாகங்கள் பெரும்பாலும் புதியவையாக இருந்தால் அது அதே வண்டிதானா? இக்கேள்வி வேறொரு பிரித்தானிய வண்டியைப் பற்றி 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. 1929, 1930 லெ மான் பந்தயங்களில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லியை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது அசல் அன்று என்று கூறி மறுத்தனர். பந்தயத்தில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஓட்டன் ஏற்றார். எனினும் அந்த வண்டி ஒருபோதும் மறைந்துபோகவில்லை, அதன் இடத்தில் வேறொன்று வரவும் இல்லை. படிப்படியாக மாறிய தொடர்ச்சியான வரலாறு அதற்கு உண்டு என்று கூறி, அது உண்மையானதே எனத் தீர்ப்பளித்தார்.

ஈ-டைப்பிலும் விந்தையான ஒரு நிலை உண்டு. 1963-இல் பந்தயத்துக்கான எடை குறைந்த அலுமினிய வகைக்கு 18 வண்டி எண்கள் ஒதுக்கப்பட்டன. 12 மட்டுமே கட்டப்பட்டன. மீதி ஆறு எண்களுக்கான வண்டிகளைக் கட்டப்போவதாக ஜாகுவார் நிறுவனம் 2014-இல் அறிவித்து, கட்டியும் முடித்தது. எண்ணும் தயாரிப்பாளரும் அசல். தயாரித்த ஆண்டு மட்டும் அரை நூற்றாண்டு பிந்தியது. சேகரிப்பாளர்கள் இவற்றை 'தொடர்ச்சி வண்டிகள்' என்று தனியாகவே வகைப்படுத்துகிறார்கள்.