பென்குயின் இனங்களும் போலி மாறிகளும்

ஒரு மாறியின் மதிப்பைப் பிற மாறிகளைக் கொண்டு கணிக்கும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு எண்களை மட்டுமே ஏற்கும். ஆனால் இனம், தொழில், மண்ணின் வகை போன்றவை பெயர்களாகவே தரவில் இடம்பெறுவதால், வகைசார் மாறிகள் எனப்படும் இவற்றைப் பொருள் சிதையாமல் எண்ணாக்குவது எப்படி என்ற கேள்வி எழுகிறது.

அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை திரட்டப்பட்ட தரவில், எடை அறியப்பட்ட 342 பென்குயின்கள் உள்ளன. அவற்றுள் அடேலி இனத்தின் சராசரி எடை 3,701 கிராம், சின்ஸ்டிராப்பினுடையது 3,733, ஜென்டூவினுடையது 5,076. இம்மூன்றுக்கும் முறையே 1, 2, 3 என எண்ணிட்டால், இனத்துக்கு இனம் எடை ஒரே அளவில் கூடுகிறது என்று சமன்பாடு கொள்ளும். உண்மையில் முதல் இடைவெளி 32 கிராம், அடுத்தது 1,343 கிராம்.

ஆகவே ஓர் இனத்தை அடிப்படை வகையாகக் கொண்டு, மற்ற ஒவ்வோர் இனத்துக்கும், பறவை அவ்வினத்தைச் சேர்ந்ததாயின் 1, அன்றேல் 0 என மதிப்புப் பெறும் போலி மாறி ஒன்று அமைக்கப்படுகிறது. அடேலியை அடிப்படையாகக் கொண்டால், சமன்பாட்டின் மாறிலி 3,701 ஆகவும், சின்ஸ்டிராப்பின் கெழு 32 ஆகவும், ஜென்டூவின் கெழு 1,375 ஆகவும் அமையும். அதாவது கெழு என்பது அந்த இனத்தின் எடையன்று, அடேலியிலிருந்து அது விலகும் அளவு. அடேலிக்கும் ஒரு போலி மாறியைச் சேர்த்தால், மூன்றின் கூடுதல் எப்போதும் 1 ஆகி மாறிலியோடு ஒன்றிவிடுவதால், கெழுக்களுக்குத் தனித்த தீர்வு கிடைக்காது. அடிப்படை வகையை மாற்றினால் கெழுக்கள் மாறுமேயன்றிக் கணிக்கப்படும் எடைகள் மாறா. ஆர் மென்பொருள் வழக்கமாக அகரவரிசையில் முதலில் வருவதையே அடிப்படையாக்கிக்கொள்வதால், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை ஆய்வாளர் எண்ணிப் பாராமலே விட்டுவிடுவதும் உண்டு.

வகையை அறவே விட்டுவிடுவதோ இதனினும் பெரும் பிழை. அதே பறவைகளின் அலகு நீளத்தைக் கொண்டு மட்டும் அலகின் தடிமனைக் கணித்தால், நீளம் 1 மில்லிமீட்டர் கூடும்போது தடிமன் ஏறத்தாழ 0.085 மில்லிமீட்டர் குறைவதாக விடை வரும். இனத்துக்குரிய போலி மாறிகளைச் சேர்த்ததும் அதே கெழு குறிமாறி, 0.20 மில்லிமீட்டர் கூடுவதாகக் காட்டும். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் நீண்ட அலகு தடித்தே இருக்கிறது. அடேலியைவிட நீளமும் மெலிவும் கொண்ட ஜென்டூவின் அலகுகள் ஒரே குவியலில் கலந்ததே முதல் விடை தலைகீழானதற்குக் காரணம்.