வானம் கண்டதை வீட்டுக்காரர் அறிய வேண்டாமா?

டில்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் 2,406 கட்டடங்கள் பெருஞ்சேதம் அடையக்கூடிய நிலையில் இருக்கின்றன என்று 2025-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. 2015 முதல் 2023 வரை செயற்கைக்கோள் ராடார் எடுத்த அளவுகளே இம்முடிவுக்கு ஆதாரம். நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைப்பதால் பூமி அமிழ்கிறது. கட்டடம் முழுவதும் சமமாக அமிழ்ந்தால் தீங்கு குறைவு. ஒரு மூலை அதிகமாகவும் மறு மூலை குறைவாகவும் தாழும்போதுதான் சுவர் பிளக்கிறது.

இதை ஆகாயத்திலிருந்து அளப்பது எப்படி? சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள் நுண்ணலைகளை அனுப்புகிறது. அவை கூரைகளிலும் சுவர் மூலைகளிலும் பட்டுத் திரும்புகின்றன. சில நாட்களுக்குப் பின் அதே பாதையில் மறுபடி வரும்போது கிடைக்கும் அலையை முந்தைய அலையோடு ஒப்பிடுகிறார்கள். இவ்வாறு பல படங்களைத் தொடர்ந்து ஒப்பிட்டால், வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் அளவான அசைவும் புலப்பட்டுவிடும். இருளும் மேகமும் இதற்குத் தடையல்ல.

ஆயினும் சுவருக்குள் கம்பி துருப்பிடித்திருப்பதை ராடார் காணாது. அது தருவது முதல் தகவல், தீர்ப்பன்று. இஞ்சினீயர் நேரில் சென்று அஸ்திவாரத்தைச் சோதித்த பின்னரே தீர்ப்புச் சொல்ல முடியும். ஆனால் முதல் தகவலே உரியவர் கைக்குச் சேராவிட்டால் விசாரணை எங்கிருந்து தொடங்கும்?

இது வீண் கவலையன்று. 2023 ஜனவரியில் இமயமலைச் சாரலிலுள்ள ஜோஷிமட நகரில் வீடுகள் வெடித்தபோது, அந்நிலம் 12 நாட்களில் 5.4 சென்டிமீட்டர் அமிழ்ந்ததாக இஸ்ரோவின் ஸ்தாபனம் ஒன்று செயற்கைக்கோள் படங்களுடன் வெளியிட்டது. சில நாட்களுக்குள் அந்த அறிக்கை மறைந்தது. தகவல்களைப் பத்திரிகைகளுக்குத் தர வேண்டாமென்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் விஞ்ஞான ஸ்தாபனங்களுக்கு எழுதியது. அவரவர் தரும் விளக்கம் ஜனங்களிடையே குழப்பத்தை உண்டாக்குகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

இக்காரணத்தை நாம் முற்றும் தள்ளிவிடவில்லை. அரைகுறைச் செய்தி பீதியை விளைவிக்கும் என்பது உண்மையே. அதற்குப் பரிகாரம் முழுச் செய்தியைத் தெளிவாகச் சொல்வதேயன்றி வாய்ப்பூட்டுப் போடுவதன்று. தன் வீட்டுச் சுவரில் விரிசலைக் கண்ணால் பார்ப்பவனுக்கு அதன் காரணத்தை மறைப்பதால் அவன் அச்சம் தீர்ந்துவிடுமா?

2025 ஜூலை 30-ல் இஸ்ரோவும் அமெரிக்காவின் நாஸாவும் சேர்ந்து அமைத்த நிசார் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாட்களுக்கொருமுறை அது ஒரே பாதைக்குத் திரும்பி வரும். அதன் தகவல்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் கொள்கை. கொள்கை நன்று. ஆனால் ராடார்ப் படத்தைப் படித்தறியும் வித்தை வாடகைக்குக் குடியிருக்கும் குமாஸ்தாவுக்கு ஏது?

ஆகையால் நாம் வற்புறுத்துவது இதுவே: ஒவ்வொரு மாநகராட்சியும் இந்த அளவுகளை வருஷந்தோறும் ஆராய வேண்டும். சந்தேகத்துக்குரிய கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் தாய்மொழியில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். குறித்த கெடுவுக்குள் இஞ்சினீயரை அனுப்ப வேண்டும். ஏழைகள் வீடாயின் அச்செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும்.

வானிலிருந்து பார்ப்பதற்கு ஜனங்களின் வரிப்பணம் செலவாகிறது. கண்டதைக் கேட்டறியும் உரிமையும் அவர்களுடையதே.