விடியலில் அளந்து பாருங்கள்

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் தெருக்கோடிக் குளம் ஒரே ராத்திரியில் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் ஆகிவிட்டதாம். சில நாள் கழித்து ஒரு காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தனவாம். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. மதியம் வந்து தண்ணீரைச் சோதித்தவர்களோ ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். "யார் சொல்வதை நம்புவது?" என்று கேட்கிறார்.

அம்மா, சோதித்தவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மீன்கள் சாக யாரும் மருந்து கலந்திருக்கவும் வேண்டியதில்லை. அவர்கள் எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இருட்டினால் அதுவும் நம்மைப்போல் சுவாசிக்கும். இது பள்ளிப் பாடம். 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் காற்றிலிருந்து தானாக எடுத்து வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். பாசி பூத்த குளத்தில் பிற்பகல் வெயிலில் இந்த அளவு வெகுவாக எகிறிவிடும். பொழுது சாய்ந்ததும் பாசி, மீன், சேற்றுக் கிருமிகள் எல்லாம் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். இரவு முழுக்கப் பாசியிடமிருந்து வரவே கிடையாது, செலவு மட்டும்தான். விடிவதற்குச் சற்று முன்பு அளவு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும் சாவதும் அந்த நேரத்தில்தான். மதியம் கருவியோடு வருகிறவருக்கு அதே குளம் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாகத் தெரியும்.

சரி, சோதனையில் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. குளிக்கத் தகுந்த நீருக்கு அது பார்ப்பது நான்கு அளவுகள்: அமில-காரத் தன்மை, கோலிஃபார்ம் கிருமிகள், லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் ஆக்சிஜன், 3 மில்லிகிராமுக்கு மிகாத உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அதாவது, தண்ணீரிலுள்ள அழுக்கு அழுகும்போது தின்னும் ஆக்சிஜன்). மீன் வாழும் நீருக்கு ஆக்சிஜன் குறைந்தது 4 இருக்க வேண்டும். பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸ் குளிக்கும் நீருக்கான அந்த நான்கில் இல்லை. பாசியின் அளவும் இல்லை.

இனி அந்த 'ஒரே ராத்திரி' விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் குளங்களில் பச்சைப் படலமாக மிதப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்று சொன்னாலும் அது பாக்டீரியா. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்றொரு வகை. அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வெறும் புரதத்தால் ஆன நுண்குழாய்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. குழாய்ச் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. காற்று அந்தச் சுவர் வழியே தாராளமாகப் போய்வரும், தண்ணீர் மட்டும் உள்ளே நுழையாது. இப்படிக் காற்றடைத்த குழாய்களால் செல் மிதக்கிறது. பகலில் வெயில் குடித்து மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டால் கனம் கூடிக் கீழே இறங்கும். இரவில் அதைச் செலவழித்ததும் கனம் குறைந்து மேலே வரும். குளம் முழுக்கப் பல வாரங்களாகப் பெருகிய பாசி, காற்றில்லாத ஒரு இரவில் மொத்தமாக மேலேறி ஆடைபோல் படிந்துவிடுகிறது. பெருகியது பல நாள், கண்ணில் பட்டது ஒரு நாள்.

உள்ளே இருக்கும் காற்றால்தான் பாசி மிதக்கிறது என்பதை 1895-இல் ஹைன்ரிச் கிளேபான் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ஒரு பாட்டிலையும் சுத்தியலையும் வைத்துக் காட்டிவிட்டார். பாசித் தண்ணீரைப் பாட்டிலில் காற்றில்லாமல் நிரப்பித் தக்கையால் இறுக அடைத்தார். தக்கையின் தலையில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அந்த அழுத்தத்தில் செல்களுக்குள் இருந்த குழாய்கள் நசுங்கின. அதுவரை மிதந்த பாசி மெல்ல அடியில் போய்ப் படிந்தது. பின்னாளில் ஆந்தனி வால்ஸ்பி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தக் குழாய்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். ஆழமான ஏரிகளில் வாழும் வகைகளுக்குக் குழாய் ஒடுக்கமாகவும் அதனால் அழுத்தம் தாங்குவதாகவும் இருக்கிறது என்பதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், தான் வாழும் ஏரியின் ஆழத்துக்கு ஏற்றபடி தன் மிதவையை அமைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மிதக்கும் தந்திரத்தை முறியடித்து ஓர் ஏரியைத் தேற்றியதும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் நியூவே மேர் என்ற ஏரியில் 1993 முதல் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டுத் தண்ணீரைக் கலக்கினார்கள். மேலே நிற்க முடியாத மைக்ரோசிஸ்டிஸ் வெகுவாகக் குறைந்தது. அந்த ஏரி முப்பது மீட்டர் ஆழம். நம் குளத்தில் கலக்கினால் சேறுதான் கிளம்பும். காற்றேற்றும் கருவி மீன்களின் உயிரைக் காக்கும், அந்த அளவுக்கு நல்லது. அது பாசியை ஒழிக்கும் என்று நம்பக் கூடாது.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி பூத்ததும் மயில்துத்தம் போட்டார்கள். செத்த பாசிக்குள் இருந்த நஞ்சு தண்ணீரில் கலந்தது. 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இந்த நஞ்சுகள் காய்ச்சினாலும் போவதில்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியின் பாசி நஞ்சு குழாய்த் தண்ணீரில் வந்தபோது, நான்கு லட்சம் பேருக்கு அரசு சொன்னது: குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள்.

அப்படியானால் எங்கே கை வைப்பது? கனடாவில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஒரு சிறு ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் விட்டார். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்து விட்டார். பாஸ்பரஸ் போன பக்கம் மட்டும் பச்சையானது. வானூர்தியிலிருந்து எடுத்த அந்த ஏரியின் புகைப்படம், பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவும் கனடாவும் செய்த ஒப்பந்தத்தின்படி சாக்கடை நீரிலும் சோப்புத்தூளிலும் பாஸ்பரஸைக் குறைத்தார்கள். ஈரி ஏரி தேறியது. பிறகு வயல் உரத்தின் வழியே பாஸ்பரஸ் மறுபடி வந்தபோது பாசியும் திரும்ப வந்தது. அமெரிக்கா 1998-இல் பாசிப் பெருக்கத்துக்கும் ஆக்சிஜன் வறட்சிக்கும் என்றே தனிச் சட்டம் போட்டது.

நம் நாட்டிலும் பாசியைக் கண்காணிக்கிறார்கள், ஆனால் கடலில். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பாசிப் பெருக்கத்தை அறிவிக்கிறது. அது குறிப்பாகக் கவனிக்கும் நான்கு இடங்களில் மன்னார் வளைகுடாவும் ஒன்று. அங்கே மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் பச்சைப் பெருக்கம் 2019-இல் மீன்களைக் கொன்றது. ஆனால் அந்தக் கடல் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 360 மீட்டர். காஞ்சிபுரத்துக் கோயில் குளம் அதில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். நம் குளத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் பாசிக்குச் சோறு போடுவது யார்? முதலில் வீட்டுச் சாக்கடை. மழைநீர் கொண்டுவர வெட்டிய வரத்துக்கால்களில் இன்று கழிவுநீர் வருகிறது. நம் ஊர் வேகவதி ஆற்றின் கதியைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அது திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேருவதற்குள் நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துவிடுகிறது. அடுத்து நம் பட்டு. சாயக் கழிவின் நிறம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் சாயத்துக்கு முன்பு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் வேகவைத்துப் பசை நீக்குகிறோமே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கச்சாப் பட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை அந்தப் பசைதான். அது சுத்தமான புரதம். நிறமில்லாத அந்தத் தண்ணீர் நீர்நிலையில் கலந்தால், அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, பாசிக்கு நைட்ரஜன் கொடுக்கும். ஆயிரக்கணக்கான கைகளுக்குச் சோறு போடும் தொழில் இது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது இந்தப் பசைத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம் என்று வளர்ந்தவன் நான். மீன் தின்றது போக மிஞ்சிய பொரியும் ஊறி அழுகி அதே ஆக்சிஜனைத்தான் தின்கிறது. குளம் பச்சையாக இருக்கும் நாட்களில் போடாமல் இருப்பதே பெரிய புண்ணியம்.

இதையெல்லாம் நிறுத்தினாலும் குளம் உடனே தெளியாது. அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் பாஸ்பரஸ், ஆக்சிஜன் தீர்ந்ததும் கழன்று மேலே வரும். எங்கள் வீட்டில் தறிக்கு வாங்கிய முன்பணம் இப்படித்தான்: புதிதாக வாங்குவதை நிறுத்திய பிறகும் பழைய பாக்கி வருஷக்கணக்கில் கூலியைத் தின்றது. அசலை அடைத்தால்தான் விடுதலை. குளத்துக்கு அசல் என்பது சேறு. நம் ஊர் அனந்தசரஸ் கோயில் குளத்தின் தண்ணீரை இறைத்து, அடியில் இருக்கும் அத்திவரதர் சிலையை எழுந்தருளச் செய்வது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1979-க்குப் பின் 2019-இல் நடந்தது. மற்ற குளங்கள் நாற்பது ஆண்டு காத்திருக்கக் கூடாது. கோடையில் வற்றும்போதே தூர்வார வேண்டும். வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. சாயக் கழிவு வந்த குளமென்றால் மட்டும், வயலில் கொட்டும் முன் மண்ணைச் சோதித்துவிட வேண்டும்.

மாநகராட்சிக்கும் அறநிலையத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் என் வேண்டுகோள் மூன்று. குளத்து ஆக்சிஜனை விடிவதற்கு முன் அளந்து, அந்த எண்ணையே கணக்கில் எழுதுங்கள். சோதனைப் பட்டியலில் பாஸ்பரஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால்களில் சேரும் கழிவுநீர்க் குழாய்களை அடைத்துவிட்டு, அதன் பிறகு தூர்வாருங்கள். இந்த வரிசை மாறினால், தூர்வாரச் செலவழித்த பணம் இரண்டே மழைக்காலத்தில் மறுபடி சேறாகிவிடும்.