மாமியார் கும்பிட்ட காடு

எங்கள் வீட்டில் 'படகு' என்ற பேச்சை எடுத்தாலே என் கணவருக்குப் பிடிக்காது. 2011-ல் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோன செய்தியைப் படித்ததிலிருந்தே அவருக்குப் பயம். முட்டுக்காட்டுக்குக் கூட பிள்ளைகளை அனுப்ப மாட்டார்.

2019-ல் ஒரு வேண்டுதலுக்காகக் குடும்பத்தோடு சிதம்பரம் போனோம். தரிசனம் முடிந்ததும், "இவ்ளோ தூரம் வந்துட்டு பிச்சாவரம் பார்க்காம போறதா?" என்று ஆரம்பித்தது வேறு யாருமில்லை, என் மாமியார்தான்! அம்மா பேச்சைத் தட்ட முடியாமல் கணவரும் சம்மதித்தார்.

படகில் ஏறியதும், "புடவை கசங்கும், எனக்கு எதுக்கு இது?" என்று மாமியார் மிதவைச் சட்டையை ஒதுக்கினார். படகோட்டி துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க போடாம படகு நகராது பெரியம்மா" என்று அவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் கணவருக்கும் முகம் தெளிந்தது.

இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற மாதிரி வேர்கள். என் மகள் ஒரு இலையைப் பறிக்கப் போனாள். "தொடாதே பாப்பா, அது தில்லை மரம். பால் பட்டா கண்ணு போயிடும்" என்று தடுத்தார் படகோட்டி. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேர் வந்த மரம் அதுதான் என்றதும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஓடைகள் முடிகிற இடத்தில், கடலுக்கும் காட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. கொஞ்ச நேரம் இறங்கி நின்றோம். ஒரு பக்கம் அலை இரைச்சல், மறுபக்கம் அசையாத தண்ணீர். அப்போதுதான் படகோட்டி மெதுவாகச் சொன்னார். "2004 டிசம்பர் 26-ல சுனாமி வந்தப்ப, எம்.ஜி.ஆர். திட்டுல இருந்த மீனவர் குடியிருப்பையே வாரிக்கிட்டுப் போச்சும்மா. எத்தனையோ உசுரு போச்சு. காட்டுக்குப் பின்னால இருந்த ஊருங்கள்ல அவ்வளவு சேதமில்லே. அலையோட வேகத்தை இந்த மரங்கதான் வாங்கிக்கிச்சு."

'அலையாத்திக் காடு' என்ற பெயரின் அர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. மாமியார் காட்டைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்கோ 2015 டிசம்பரில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ராத்திரி நினைவுக்கு வந்தது. அங்கே காட்டை விட்டு வைத்தார்கள், ஊர் பிழைத்தது. இங்கே ஏரியையும் வாய்க்காலையும் மனை போட்டு விற்றோம்!

திரும்பும்போது, கொண்டுபோன முறுக்குக் கவர்களையெல்லாம் மாமியார் தன் பையிலேயே திணித்துக்கொண்டார். கணவர் ஆசையாகக் கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டார்!

பிச்சாவரம் போகும் சகோதரிகளே, போட்டோவுக்காகக் கூட பிள்ளைகளின் மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். குப்பையை வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள். ஊரைக் காப்பாற்றிய காட்டுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.

- ஒரு வாசகி, முடிச்சூர், தாம்பரம்.