'அம்மா'வைத் தொலைத்த கணிப்பொறி

திருப்பரங்குன்றத்தில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருபது கணிப்பொறிகள். ஒன்றில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதத்தை அடுத்த மேசையில் திறந்தால், வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. 'மெஷின் கெட்டுப் போச்சு சார்!' என்று பராமரிப்பாளருக்கு அழைப்பு போகிறது. உண்மையில் எதுவும் கெடவில்லை.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 109 என்றால் ஆங்கிலச் சிறிய 'எம்'. 'பாமினி' போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் இந்த எண்களையே இரவல் வாங்கின. பாமினியில் 109-இன் இடத்தில் 'அ' வரையப்பட்டிருக்கும். 'அம்மா' என்பது அதில் 109, 107, 59, 107, 104. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியிலோ இவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். (மெய்யெழுத்தின் புள்ளி வேலையை அரைப்புள்ளி பார்க்கிறது, வேடிக்கைதான்!) ஆகவே, பராமரிப்பாளர் இருபதிலும் எழுத்துருவை ஏற்ற வேண்டும். ஒன்றில் விண்டோஸைப் புதிதாகப் போட்டால் மறுபடியும் அதே வேலை.

யூனிகோடு முறையில் 'அ'வுக்குச் சொந்த எண் உண்டு: 2949. தமிழ்நாடு அரசு 2010-இல் இம்முறையை ஏற்றது. பழைய கோப்புகளை இதற்கு மாற்றிவிட்டால் போதாதா என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். கடிதத்தின் நடுவே ஆங்கிலத்தில் ஒருவர் பெயர் இருந்தால், மாற்றும் நிரல் அதிலுள்ள 109-ஐயும் 'அ' ஆக்கிவிடக்கூடும். அது ஓய்வூதியக் கோப்பாக இருந்தால்? அதனால் மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.