குதிரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்பவர்

ஆவடி என்றதும் டாங்கிதான் நினைவுக்கு வரும். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கிகளை வாங்கிச்சென்ற படைப்பிரிவுகளில் பலவும் ஒரு காலத்தில் குதிரையேறிப் போரிட்டவை. 1938-ல் சிந்து குதிரைப்படை முதலில் வண்டிக்கு மாறியது; மற்றவையும் மாறின. மைசூர் லான்சர்ஸ் உள்ளிட்ட சமஸ்தானப் படைகளை இணைத்து 1953-ல் உருவான 61-வது குதிரைப்படையோ சேணத்தை விடவில்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்ற ரகுபீர் சிங் அந்தப் படைக்காரர்.

நம் ஊர்ப் பக்கம் குதிரையேற்றம் சொல்லித்தருபவரிடம் விசாரித்தால், அவருடைய குருவோ குருவுக்குக் குருவோ ராணுவத்திலோ போலீஸ் குதிரைப்படையிலோ இருந்திருப்பது சகஜம். அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் முதலில் குதிரையின் உயரத்தையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். பயிற்சியாளரைப் பாருங்கள் என்பேன்.

அவருடைய முதல் மாணவன் குதிரைதான். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் பல பயிற்சி லாயங்களுக்கு வந்து சேர்கின்றன. கடிவாளம் இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடிப் பழகியவை அவை. பயந்துபோன பத்து வயதுப் பிள்ளையோ கடிவாளத்தைத்தான் இறுகப் பிடிக்கும். ஒரே செய்கை, பிள்ளைக்கு அது 'நில்', குதிரைக்கு 'ஓடு'. இந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்த உழைப்பைக் கட்டணம் செலுத்துபவர் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை.

வகுப்பு தொடங்கும் நேரத்தில் அவர் கைகளைக் கவனியுங்கள். வயிற்றுப்பட்டையை இழுத்துக் கட்டும்போது சில குதிரைகள் உடம்பை இறுக்கி உப்பவைக்கும். அனுபவஸ்தர் உடனே பிள்ளையை ஏற்றமாட்டார். நாலு எட்டு நடத்துவார், குதிரை மூச்சை விடும். மறுபடி ஒரு துளை இறுக்குவார். பிறகு பிள்ளையின் விரல் நுனியைச் சேணத்தில் வைத்து, அங்கவடி அக்குள் வரை வருகிறதா என்று வாரை அளப்பார். முதல் நாட்களில் கடிவாளத்தையே கொடுக்காமல், நீளக் கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக நடக்கவிடுவார். இரு கைகளையும் விரித்தபடி குதிரையின் அசைவுக்கு இடுப்பு இசையும்வரை இதுதான் பாடம். "குதிகாலை இறக்கு, எதிரே பாரு" என்ற குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

குடும்பமாக லாயம் நடத்துபவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலி உயிருக்கே உலைவைத்துவிடும். அது ராத்திரி இரண்டு மணிக்கும் வரும். பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருவர், குதிரை தரையில் புரள்வதையும் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதையும் கண்டு மருத்துவரை எழுப்ப வேண்டும். கொள்ளு, தவிடு, புல், தண்ணீர், லாடம் எல்லாம் வீட்டுக் கணக்கோடு கலந்துவிடுகிற வாழ்க்கை அது. அங்கே வளரும் பிள்ளை நடக்கும் வயதிலேயே குதிரையின் காதைப் பார்த்து அதன் மனநிலையைச் சொல்லும்.

பெங்களூரு ஃபுவாத் மிர்ஸா அப்படி வளர்ந்தவர். அப்பா குதிரை மருத்துவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் வென்ற வெள்ளி, 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடம். அத்தனை தூரம் போனவரும் ஜெர்மனியில் சாண்ட்ரா ஔஃபார்த் என்ற உலகச் சாம்பியனிடம் மாணவராகத்தான் இருந்தார்.

வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். சேணத்தை இறக்கியபின் பயிற்சியாளர் குதிரையின் முதுகில் கை ஓட்டிப் புண் இருக்கிறதா என்று தேடுகிறாரா, குளம்பைத் தூக்கிக் கல்லை எடுக்கிறாரா என்று பாருங்கள். இந்தக் குதிரைக்கு இன்று இது எத்தனையாவது வகுப்பு என்று கேளுங்கள். மே மாத வெயிலில், வந்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து "சாயந்தரம் வாங்க" என்கிற லாயத்துக்குப் பிள்ளையைத் தாராளமாக அனுப்பலாம்.