பக்கத்து மேசைக்காரர்

2023ஆம் ஆண்டின் தொடக்கம். காலை 10 மணிக்கு மனிதவளப் பிரிவிலிருந்து காணொளிச் சந்திப்புக்கு அழைப்பு வந்தது. சந்திப்பு 15 நிமிடம்தான் நீடித்தது. மடிக்கணினியையும் நுழைவு அட்டையையும் ஒப்படைத்துவிட்டு, மின்தூக்கிக்காகக் காத்திருந்தேன். என் பக்கத்து மேசைக்காரரும் கையில் ஓர் அட்டைப் பெட்டியுடன் வந்து நின்றார்.

“தம்பி, உனக்குமா?” என்றார்.

“ஆமாண்ணா.”

இருவரும் கீழே இருந்த காப்பிக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் கோயம்புத்தூர்க்காரர். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. நான் ஈசூனில் பிறந்து வளர்ந்தவன். பலதுறைத் தொழிற்கல்லூரி, தேசிய சேவை, பல்கலைக்கழகம் ஆகியவற்றை முடித்து அந்த நிறுவனத்தில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

எனக்கு வேலை போனது கவலைதான். ஆனால், மாலையில் வீடு திரும்பினால் அம்மா சமைத்து வைத்திருப்பார். அவர் நிலைமை வேறு. நிறுவனம் அவரது பாஸை ரத்து செய்த நாளிலிருந்து 30 நாள்கள் மட்டுமே இங்குத் தங்கலாம். அதற்குள் வேறு வேலை கிடைத்து, புதிய பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடகை வீடு, மனைவி, பாலர் பள்ளிக்குப் போகும் மகள் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

வெளிநாட்டவரால் உள்ளூர்வாசிகளின் வேலை பறிபோகிறதா? இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கணினித் துறையில் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான். அதற்கு என்னால் சொல்லக்கூடிய பதில் அந்தக் காப்பிக்கடை மேசையிலிருந்துதான் தொடங்குகிறது.

கோபம் இருந்தது உண்மை

எனக்கும் ஒருகாலத்தில் அந்தக் கோபம் இருந்தது. பட்டம் பெறும் ஆண்டில் நான் அனுப்பிய விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனபோது, என்னைக் கேள்வி கேட்ட நால்வரும் ஒரே நாட்டின் ஒரே நகரிலிருந்து வந்தவர்கள். தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் முடிவாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. நிரூபிக்க முடியாது. ஆனால், அந்தக் கசப்பு நெடுநாள் போகவில்லை.

அதே காலக்கட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் ஒரு முதியவர், “உன் பாஸ் எப்போது முடிகிறது?” என்று என்னிடம் கேட்டார். என் பையிலோ இளஞ்சிவப்பு அடையாள அட்டை. அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெளிநாட்டவர்மீது வீசப்படும் கோபம், நிறத்தைப் பார்த்து என்மீதும் விழும். இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் அடி வாங்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். எனவே, உணர்ச்சியை விடத் தகவல்கள் நமக்குத்தான் அதிகம் தேவை.

எண்கள் என்ன சொல்கின்றன?

2021 ஜூலையில் மனிதவள அமைச்சர் டான் சீ லெங் நாடாளுமன்றத்தில் வெளியிட்ட விவரங்கள் இவை. 2005ல் சுமார் 65,000 ஆக இருந்த எம்ப்ளாய்மெண்ட் பாஸ் எண்ணிக்கை, 2020ல் சுமார் 177,000 ஆனது. அதில் இந்திய நாட்டவரின் பங்கு ஏறத்தாழ 14 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. அதே 15 ஆண்டுகளில், நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் வேலைகளில் உள்ள உள்ளூர்வாசிகளின் எண்ணிக்கை 380,000க்கும் மேல் கூடியது.

முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கோபப்படலாம். கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாம் நலம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மொத்த வேலைகள் பெருகின. ஆனால், சில நிறுவனங்களில் ஒரே நாட்டவர் குவிந்ததும் உண்மை. மொத்தக் கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அத்தகைய ஒரு நிறுவனத்தின் வாசலில் நிற்கும் இளையருக்கு அது ஆறுதல் தராது.

சீக்கா எனப்படும் இந்தியா-சிங்கப்பூர் உடன்பாட்டைப் பற்றியும் பல கதைகள் உலவின. அந்த உடன்பாட்டினால் இந்தியர் யாருக்கும் தானாகப் பாஸ் கிடைத்துவிடாது. மற்ற எல்லா நாட்டவரையும் போல அவர்களும் நிபந்தனைகளை நிறைவேற்றியே ஆகவேண்டும்.

40 புள்ளிக் கணக்கு

அந்த நிபந்தனைகள் இப்போது மாறியிருக்கின்றன. முதலில் சம்பளம். 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குக் குறைந்தது மாதம் 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும். நிதித் துறையில் 6,200 வெள்ளி. வயது கூடக்கூட இந்தத் தொகையும் கூடும். பெரும்பாலான வேலைகளுக்கு, விண்ணப்பிக்கும் முன் நிறுவனம் 14 நாள்கள் அரசாங்க வேலைத் தளத்தில் விளம்பரம் செய்ய வேண்டும்.

அடுத்தது ‘கம்பாஸ்’ புள்ளி முறை. 2023 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்கும், 2024 செப்டம்பர் முதல் புதுப்பிப்புகளுக்கும் இது பொருந்துகிறது. தேர்ச்சிக்கு 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி என்ற இரண்டும் விண்ணப்பதாரரைப் பொறுத்தவை. நிறுவனத்தில் அவரது நாட்டவர் எத்தனை பேர், அதே துறையின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால் உள்ளூர்வாசிகளின் பங்கு எவ்வளவு என்ற இரண்டும் நிறுவனத்தைப் பொறுத்தவை. ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 புள்ளி. ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் நிபுணர் நிலையில் 100 பேர். அவர்களில் 30 பேர் ஒரே நாட்டவர். அதே நாட்டிலிருந்து இன்னொருவர் விண்ணப்பிக்கிறார். பட்டத்துக்கு 10, சம்பளத்துக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். அவரது நாட்டவர் 25 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால் அங்கே 0. இப்போது கையில் 20 புள்ளி. உள்ளூர்வாசிகளை வேலைக்கு எடுப்பதில் அந்த நிறுவனம் தன் துறையில் மேல்பாதியில் இருந்தால், இன்னும் 20 கிடைத்து அவர் தேறிவிடுவார். கடைசி வரிசையில் இருந்தால் அங்கேயும் 0. கூடுதல் புள்ளிக்கும் வழியில்லை என்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

இதை நான் புரிந்துகொண்ட அன்று என் பார்வை மாறியது. ஒரு வெளிநாட்டவருக்குப் பாஸ் கிடைப்பது, அந்த நிறுவனம் உங்களையும் என்னையும் போன்றவர்களை எத்தனை பேரை வேலைக்கு எடுத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. எங்கள் இருவருடைய வாய்ப்புகளும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன.

இப்போது நான் வேலை செய்யும் நிறுவனத்தில் 60 பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டு மேகக் கணிமைப் பாதுகாப்பில் அனுபவமுள்ள ஒருவரைத் தேடினோம். நேர்காணல் குழுவில் நானும் இருந்தேன். நாங்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர்க்காரர் கடைசி நேரத்தில் ஒரு வங்கிக்குப் போய்விட்டார். பிறகு மணிலாவிலிருந்து ஒரு பெண்மணியை எடுத்தோம். அவருக்குச் சரியாக 40 புள்ளி. உள்ளூர்வாசிகளின் பங்கு சற்றே சரிந்தாலும் அவரது பாஸைப் புதுப்பிப்பது சிக்கலாகிவிடும் என்று மனிதவளப் பிரிவு எச்சரித்தது. அதனால் இரண்டு இளநிலை வேலைகள் உள்ளூர்வாசிகளுக்காகத் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்றில் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயதாரி ஒருவர் சேர்ந்தார். இன்று அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவர் அந்த மணிலாப் பெண்மணிதான்.

ஒரு நிறுவனத்தின் கதையை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. புள்ளிக்காக மட்டும் உள்ளூர்வாசிகளைச் சேர்த்து, முக்கியமான பணிகளை அவர்களிடம் கொடுக்காத நிறுவனமும் இருக்கலாம். புள்ளி முறை தலைகளை எண்ணும். யாருக்கு என்ன வேலை கொடுக்கப்படுகிறது என்பதை எண்ணாது.

மூன்றாவது போட்டியாளர்

மீண்டும் காப்பிக்கடைக்கு வருவோம். எங்கள் வேலையை எடுத்துக்கொண்டது யார்? அது உலகம் முழுவதும் ஆட்குறைப்பு நடந்த காலம். 2022 நவம்பரில் மெட்டா 11,000க்கும் மேற்பட்டோரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகலின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. எங்கள் நிறுவனத்தில் நாங்கள் செய்துவந்த பணி, வெளிநாட்டிலிருந்த இன்னொரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழுவில் யாருக்கும் பாஸ் தேவையில்லை. அவர்கள் சிங்கப்பூருக்கு வரவே இல்லை.

நானும் அண்ணனும் ஒரு நாற்காலிக்குப் போட்டியிடுவதாக நான் நினைத்திருந்தேன். கடைசியில் மேசையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாஸ் விதிமுறைகளை இறுக்கினால் எல்லா வேலையும் நமக்கு வந்துவிடும் என்று நம்புபவர்கள் இதை யோசிக்க வேண்டும். தேவையான ஆள் இங்குக் கிடைக்காவிட்டால் நிறுவனம் காத்திருக்கலாம். அல்லது மொத்தக் குழுவையும் வேறு நகருக்கு மாற்றலாம். கதவை அகலத் திறந்துவிடலாம் என்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். அனுபவமுள்ளவர்களை வெளியிலிருந்து எப்போதும் எளிதாக எடுக்க முடிந்தால், புதியவருக்குக் கற்றுக்கொடுத்து வளர்க்க எந்த நிறுவனம் மெனக்கெடும்?

உண்மையான கவலை ஏணியின் முதல் படியில்தான் இருக்கிறது. எளிய நிரல்களை எழுதுவது, பிழைகளைத் திருத்துவது, சோதிப்பது போன்ற புதியவர்களின் வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது செய்கின்றன. நம் பல்கலைக்கழகங்களின் கூட்டு ஆய்வின்படி, 2023ல் முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்த புதிய பட்டதாரிகள் சுமார் 84 விழுக்காட்டினர். 2024ல் அது 80 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். குழுவில் இளநிலை ஊழியர்கள் எத்தனை பேர், புதியவருக்கு யார் வழிகாட்டுவார், பயிற்சிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள் என்று கேளுங்கள். முதல் வேலையில் சம்பளத்தை விட இது முக்கியம். நான் இதைக் கேட்காமல் சேர்ந்தவன்.

மனிதவள அமைச்சு வெளியிடும் ஆள் பற்றாக்குறை வேலைகளின் பட்டியலைப் படியுங்கள். செயற்கை நுண்ணறிவு, இணையப் பாதுகாப்பு போன்ற துறைகளின் வேலைகள் அதில் இருக்கின்றன. வெளிநாட்டவருக்குக் கூடுதல் புள்ளி தரும் அந்தப் பட்டியல்தான், எங்கே நம்மிடம் ஆள் இல்லை என்பதை உங்களுக்குக் காட்டும் வரைபடமும்கூட.

வாய்ப்புக் கிடைத்தால் படிக்கும்போதே வெளிநாட்டில் பயிற்சி பெறுங்கள். பெங்களூரிலோ ஹோ சி மின் நகரிலோ ஆறு மாதம் வேலை செய்தவருக்கு, அங்குள்ள குழுவோடு சேர்ந்து பணியாற்றத் தெரியும். அத்தகையவரை நிறுவனம் எளிதில் இழக்க விரும்பாது.

பாகுபாடு நடந்ததாக உணர்ந்தால், என்னைப் போல மனத்துக்குள் புழுங்காதீர்கள். தேதி, இடம், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் குறித்து வைத்து, நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியை அணுகுங்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், நாட்டுரிமை, இனம், வயது உள்ளிட்டவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிரானது. நிறுவனத்தின் தவறைக் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. அங்கே வேலை செய்யும் ஒருவரை அவர் பிறந்த ஊரை வைத்து வெறுப்பது வேறு விஷயம்.

30 நாள்களுக்குப் பிறகு

அண்ணனுக்கு அந்த 30 நாள்களுக்குள் வேலை கிடைக்கவில்லை. மகளின் பாலர் பள்ளித் தவணை முடியும் முன்பே குடும்பத்தோடு ஊர் திரும்பினார். வழியனுப்பச் சாங்கி விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அவர் தன் கவலையை விட்டுவிட்டு, “உனக்கு ஏதாவது அமைந்ததா?” என்றுதான் கேட்டார்.

அமையவில்லை. மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. இப்போதைய நிறுவனத்தில் என்னைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டபோது, அவர் பெயரைத்தான் கொடுத்தேன். என் நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்தியவர் அவர். “இவனை விட்டுவிடாதீர்கள்” என்று அவர் சொன்னதாகப் பிறகு என் மேலாளர் சொன்னார்.

ஒருகாலத்தில் அவரைப் போன்றவர்கள் என் இடத்தை எடுத்துக்கொண்டதாக நினைத்தேன். இன்று நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பெற்றுத் தந்தவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வாரங்களுக்கு முன் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பட்டயதாரித் தம்பியின் நிரலை, அவர் செய்தது போலவே, வரி வரியாக உட்கார்ந்து படித்தேன்.